அக்கா பெயரில் போட்ட பூ

மெஷின் எம்பிராய்டரி படிப்பில் எல்லோரும் என்னை ‘சகோதரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. பெண்களுக்கு மட்டும் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்த தொலைநிலைப் பயிற்சி அது. பாடம் கைப்பேசியில் வரும். தைத்த மாதிரித் துணியைக் கூரியரில் அனுப்ப வேண்டும். நானோ சாக்கோட்டையில் அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிற, நாற்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை. ஏன் அந்த ஆசை வந்தது என்றால் இன்றைக்கும் பதில் கிடையாது. மனைவியின் தையல் மெஷின் சும்மா கிடந்தது, பூ போட்டுப் பார்க்கத் தோன்றியது, அவ்வளவுதான்.

அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். செக்காலையில் இருக்கிறாள். கேலி பண்ணுவாள் என்று நினைத்தேன். சிரிக்கக்கூட இல்லை.

“என் பேரைக் குடுத்துச் சேந்துக்கடா. நானென்ன பங்கு கேக்கவா போறேன்?” என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்குக் கோயிலே கட்டியிருப்பேன்.

எங்களுடையது தச்சு வேலைக் குடும்பம். மரம் அசையாது, உளிதான் நகரும். சின்ன வயதிலிருந்து கை அப்படித்தான் பழகியிருந்தது. இங்கே எல்லாம் தலைகீழ். மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றிவிட்டு, துணியைத் தள்ளும் பல்லையும் கீழே இறக்கிவிட்டால், ஊசி நின்ற இடத்திலேயே குத்திக்கொண்டிருக்கும். வளையத்தில் இறுக்கிய துணியை நாம்தான் நகர்த்த வேண்டும். என் கையோ ஊசியைத் துரத்திக்கொண்டு போனது. எத்தனை ஊசி ஒடித்தேனோ தெரியாது. “பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்க சகோதரி” என்று ஆசிரியை குரல் செய்தி அனுப்புவார். பின்பக்கத்து நூலைப் பார்த்தால்தான் கை எப்படி என்று தெரியும் என்பது அவர் கட்சி.

ஒரு வழியாகப் பின்பக்கமும் சுத்தமானது. சான்றிதழ் வந்தது, அக்கா பெயரில், அக்கா வீட்டுக்கு. அவள் அதற்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினாள். வேடிக்கைக்குச் செய்கிறாள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். சரியான இளிச்சவாயன்.

பிறகு அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் சீரில் வைக்கும் பட்டுக்கு, ஜாக்கெட்டில் என் கையாலேயே பூ போடுவதென்று முடிவு செய்தேன். கோட்டையூரில் ஒரு பழைய வீட்டில் பதித்திருந்த ஆத்தங்குடித் தரைக்கல்லில் இருந்த பூங்கொடியைக் கல்யாணப் பெண்தான் படம் எடுத்து வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நூல் நிறமும் எடுத்துக் கொடுத்தாள். அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன், இந்தத் தடவை நான் போட்டது என்று சொல்லிவிடலாம் என்று.

“சொல்லுவோம்டா, உன் சீர்தானே” என்றாள்.

மாமன் தன் கையால் போட்டது என்று நாலு பேர் முன்னால் ஒரே ஒரு தடவை சொல்லிக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

மண்டபத்தில் சீர்த்தட்டுகளை வரிசையாக இறக்கி வைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா ஜாக்கெட்டை எடுத்து விரித்தார். உள்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். விவரமான மனுஷி என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“எங்குட்டுக் குடுத்துப் போட்டீக? கடை வேலை மாதிரி இல்லையே” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூச்சத்தோடு தயாராக நின்றேன்.

“நான்தான் போட்டேன்” என்றாள் அக்கா. “தபால்ல படிச்சுச் சர்ட்டிபிகேட்டு வாங்கியிருக்கேன். வீட்டுக்கு வந்தப்ப ஹால்ல பாத்திருப்பீகளே.”

அந்த அம்மாள் மணப்பெண் பக்கம் திரும்பினார். “உங்கம்மாவா போட்டாக?”

அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். “ஆமா அத்தை” என்றாள்.

என் மனைவி விறுவிறுவென்று முன்னால் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். உண்மையைச் சொன்னால் சம்பந்தி முன்னால் தாயும் மகளும் பொய்க்காரிகள் ஆவார்கள். பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அக்கா சொன்னதைக்கூடத் தாங்கியிருப்பேன், அந்தப் பிள்ளை சொன்ன ‘ஆமா’வைத்தான் தாங்க முடியவில்லை.

பந்தி முடிந்ததும் அக்காவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

“ஆம்பளை பூப் போட்டான்னா அவுக என்ன நினைப்பாக? உன் மானத்தைத்தான்டா காப்பாத்துனேன்” என்றாள்.

என் மானத்தை அவளிடம் யார் கொடுத்து வைத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

கொஞ்ச நாளில் அவளே போன் செய்தாள், ஒன்றுமே நடக்காத குரலில். “சம்பந்தியம்மா ரெண்டு ஜாக்கெட் குடுத்துவிட்டிருக்காக. அதே கொடி வேணுமாம்.”

“நீதானே படிச்சவ. நீயே போடு.”

“எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதாடா?”

“எனக்குத் தெரியும்க்கா. அவுகளுக்குத்தான் தெரியாது.”

“பிள்ளை அங்க வாழணும்டா” என்றாள்.

இரண்டையும் போட்டு முடித்தேன். பின்பக்கமும் சுத்தமாகவே வந்தது. எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றே அக்காவின் கையில் கொடுத்தேன்.

“உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போடா” என்றாள்.

வேண்டாம் என்றேன். அக்கா கொடுத்து நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.