ஏழு நாள் களிம்பு

என் முழங்கை மடிப்பில் வந்த கரப்பானைச் சொறிந்து சொறிந்து நானே புண்ணாக்கிக்கொண்டேன். சீழ் வைத்த பிறகுதான் தி.நகரில் இருக்கும் தோல் டாக்டரிடம் போனேன். அவர் ஒரு களிம்பு எழுதினார். கிருமிக்கு ஒரு மருந்து, அரிப்பை அடக்க ஸ்டீராய்டு, இரண்டும் அதில் கலந்திருக்கிறது, மெல்லிசாகத் தடவுங்கள், ஏழே நாள், அதற்கு மேல் வேண்டாம் என்றார். ஏழாம் நாள் கை பளிச்சென்று ஆகிவிட்டது. டியூபில் பாதிக்கு மேல் மிச்சம்.

மிச்ச மருந்தைத் தூக்கிப் போட எனக்குக் கை வராது. எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைக்கென்று இருக்கும் குழிகளெல்லாம் மருந்துக்குத்தான். அங்கே அதுவும் குடியேறியது.

எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டுக்குச் சமைக்க வரும் அக்கா ஆற்றோரம் குடியிருந்தவர். அரசாங்கம் அந்த வீட்டை இடித்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் போட்ட பிறகு இரண்டு பஸ் மாறி வருகிறார். எங்கள் வீடும் மாடி வீடும்தான் அவருக்குப் பிழைப்பு. ஒரு நாள் இடுப்பைச் சொறிந்துகொண்டே தோசை வார்த்தார். என்ன என்று கேட்டேன்.

"பாவாடை நாடா கட்டுற எடம்மா. ஒரே அரிப்பா கீது."

பார்த்தேன். வட்டமாகச் சிவந்திருந்தது. அந்த நிமிஷமே எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டது. டியூபை எடுத்து நீட்டினேன். ஏழு நாள் கணக்கைச் சொல்லவே இல்லை.

"நீ குட்த்த மருந்து சூப்பரா கேக்குதுமா," என்றார் நாலாம் நாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நிறுத்தினால் திரும்ப வந்தது, திரும்பத் தடவினார். தீர்ந்ததும் காலி டியூபைக் காட்டிக் கடையில் இன்னொன்று வாங்கிக்கொண்டார். இரண்டு மாதத்தில் வட்டம் இடுப்பைச் சுற்றி, வயிற்றில் ஏறி, முன்கைக்கும் வந்துவிட்டது.

மாடி வீட்டு அம்மா அக்காவின் கையைப் பார்த்துவிட்டு, இனி வரவேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு மனுஷியா என்று என் கணவரிடம் திட்டித் தீர்த்தேன். அக்காவைக் கையோடு அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"இது படர்தாமரை," என்றார் டாக்டர். "பூஞ்சை. இதுக்கு அந்தக் களிம்பு ஆகவே ஆகாது. சிவப்பை அமுக்கிட்டு உள்ளுக்குள்ள பரவ விட்டுடும். யார் குடுத்தா?"

"நானேதான் கடைல வாங்கினேன் டாக்டர்," என்றார் அக்கா, என் பக்கம் திரும்பாமலே.

கைப்பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது. டாக்டர் பூஞ்சைக்கு வேறு மருந்து எழுதினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வட்டம் இருக்கும் இடத்தை மூடிக்கொண்டு தாராளமாகச் சமைக்கலாம், துண்டும் துணியும் மட்டும் தனியாக இருக்கட்டும் என்றார்.

அன்று சாயங்காலமே மாடிக்குப் போனேன். "தப்பு என்மேல. மருந்தைக் குடுத்தது நான்தான். அவங்க சமைக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டார். நிறுத்திடாதீங்க."

அந்த அம்மா நிதானமாகக் கேட்டார்: "சரி. உங்காத்துல இப்போ அவதானே சமைக்கிறா?"

முன்கையில் வட்டம் தெரிந்த நாளிலிருந்து, "பாவம், சிரமப்படாதீங்கக்கா," என்று சொல்லி அடுப்பு வேலையை நானே எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா பத்து நாளாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார். அதை அக்கறை என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

மறுநாள் காலை அக்கா வந்து துணிக்கூடையை எடுத்தார். நான் தோசைக்கரண்டியை நீட்டினேன்.

"நானும் உங்களை ஒதுக்கித்தான் வச்சிருந்தேன்க்கா."

"தெரியும்மா," என்றார், கைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே. "டாக்டராண்ட போறதுக்கு முன்னாடியே தெரியும்."