உயிர்காப்பாளர் என்ற வரியில் என் பெயர்

எங்கள் கல்லூரி நீச்சல் அணியில் ஆறு பெண்பிள்ளைகள், ஒரு பயிற்றுநர், பிறகு நான். சொந்தமாகத் தடாகம் இல்லை. கற்பிட்டிப் பக்கத்து விடுதியொன்று செவ்வாயும் வியாழனும் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் தன் தடாகத்தை வாடகைக்குத் தந்தது. பழைய மாணவிகள் சேர்த்துத் தந்த காசு அந்த வாடகைக்கும், சிலாபத்திலிருந்து பஸ்ஸில் வரும் பயிற்றுநரின் கொடுப்பனவுக்கும் சரியாகப் போய்விடும்.

மாகாணப் போட்டிக்கான படிவத்தில், பிள்ளைகளின் பெயர்களுக்குக் கீழே 'உயிர்காப்பாளர்' என்றொரு வரி இருந்தது.

"பேரை மட்டும் போடுங்க டீச்சர். யாரு வந்து பாக்கப்போறாங்க?" என்றார் கல்லூரி அதிபர்.

நான் இரசாயனவியல் படிப்பிக்கிறவள். பெண்பிள்ளைகளோடு ஒரு பெண் போக வேண்டும் என்பதற்காக அணியில் சேர்க்கப்பட்டவள். எனக்கு நீந்தத் தெரியாது. ஆனாலும் பெயரைப் போட்டேன்.

ஒரு வியாழக்கிழமை பயிற்றுநரின் பஸ் பழுதாகி வழியில் நின்றுவிட்டது. தான் வரும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது என்று தொலைபேசியில் சொன்னார். அதற்குள் அரை மணித்தியாலம் வீணாகிவிட்டிருந்தது. அணித்தலைவி கெஞ்சினாள்.

"நீங்க இரிக்கீங்கதானே டீச்சர்."

நான் சரி என்றேன்.

மூன்றாவது சுற்றில், அணியிலேயே சின்னவள், தரம் ஒன்பது பிள்ளை, ஆழமான பக்கத்தில் அப்படியே நின்றுபோனாள். விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தமே இல்லை. வாய் தண்ணீருக்கு மேலே வந்தது, கீழே போனது. கண்கள் என்னையே பார்த்தன. நான் கரையில் முழங்காலில் விழுந்து கையை நீட்டினேன், எட்டவில்லை. அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தத்தான் என்னால் முடிந்தது. மறுகரையைத் தொட்டுத் திரும்பிய அணித்தலைவிக்கு அது கேட்டது. அவள் பாய்ந்து நீந்தி வந்து, சின்னவளின் தாடையைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தாள். காலில் நரம்பு இழுத்துவிட்டதாம். இருமி இருமித் தண்ணீரைக் கக்கிய பிறகு, பிள்ளை என் சேலையைப் பிடித்த பிடியை விடவேயில்லை.

அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், உம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"டீச்சருக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாம என்னத்துக்குப் பேரைக் குடுத்தீங்க?"

அவர் மகளின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "இனி அனுப்ப மாட்டேன்" என்றார்.

படிவம் இன்னும் அதிபரின் மேசையில்தான் இருந்தது. மறுநாள் காலை போய் என் பெயரை வெட்டச் சொன்னேன்.

"வெட்டினா நாம போட்டிக்குப் போக ஏலாது, டீச்சர்."

"தெரியும் சேர்."

உயிர்காப்புப் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணைத் தேடிப் பிடிப்பதற்குள் முடிவுத் திகதி போய்விட்டது. போட்டிக்கு வேன் பிடிக்க வைத்திருந்த காசு அந்தப் பெண்ணின் கொடுப்பனவுக்குப் போனது. மூன்று மாதம் கழித்து, சின்னவளின் உம்மா தடாகத்துக்கே வந்து அந்தப் பெண் நீந்துவதை நேரில் பார்த்தார். அடுத்த கிழமை மகளை அனுப்பினார்.

அணித்தலைவிக்கு அதுதான் கடைசி வருடம். போட்டி இல்லை என்று சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிழை விட்டது நீங்க, டீச்சர். போட்டி இல்லாமப் போனது எனக்கு."

மன்னிப்புக் கேட்டேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.