மரத்துக்காரர்

மரத்தில் கால் வைப்பதற்கு முன் கபிரியேல் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் முதுகால் அடிமரத்தைத் தட்டுவார். பிறகு பட்டையில் காதை ஒட்டிவைத்துக் கேட்பார். கேட்டு முடிந்ததும் உள்ளங்கைகளை இடுப்பில் கட்டிய சாக்கில் துடைத்துக்கொள்வார். ஏறிவிடுவார் என்று நினைப்போம், மறுபடியும் தட்டுவார்.

பல்லேகலவில் எங்கள் கொக்கோத் தோட்டத்தில் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பது அவர் வேலை. வெயில் கூடினால் கொக்கோ கருகும்; நிழல் கூடினால் காய் அழுகும். கொக்கோ விலை விழுந்து ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஏற மாட்டேன் என்றவனுக்குத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் இடமில்லை. ஸ்டோர் கிளாக்கரான நான் சன்னலோரம் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மெலிந்த உடம்பு, நீண்ட கைகள். வெற்றிலை போடுவதும் அண்ணாந்தபடிதான்.

அவர் பயந்தது அரணைக்கு. தரையில் ஓடுகிற அரணை அல்ல, மரத்திலேயே வாழ்கிற இனம். கறுத்த முதுகில் மஞ்சள் பட்டைகள், எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம். பொந்துதான் வீடு. மரப்பட்டை இடுக்கில் எறும்பும் வண்டும் பிடித்துத் தின்னும். வெயில் ஏறியதும் அடிமரத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு காயும். அது கடித்தால் பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விடும் என்று லயம் முழுவதும் நம்பியது. எழுத்துப் படித்த நானும் நம்பினேன். ஆனால் அதற்கு மறதி அதிகமாம். கடிக்க வந்து, வந்த காரியத்தை மறந்து திரும்பிவிடுமாம்.

ஆகவே மரத்தடியில் அதன் பேரைச் சொல்லக் கூடாது என்பது கபிரியேலின் சட்டம். நான் ஒருநாள் தெரியாமல் சொல்லிவிட்டேன். கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பேரச் சொல்லாதீங்க ஐயா. மறந்துபோய்த்தான் அது சும்மா கெடக்கு. காதுல விழுந்தா ஞாபகம் வந்துரும். மரத்துக்காரருன்னு சொல்லுங்க."

ஸ்டோருக்குப் பின்னால் நின்ற பெரிய வாகையில்தான் பொந்துகள் அதிகம். அதன் கீழே வந்தாலே அவர் உதடு காய்ந்துவிடும். ஆனாலும் அந்த மரத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டார். கங்காணி நடராஜா வேறு ஆளை அனுப்பியபோது, கையெடுத்துக் கும்பிட்டு அந்த ஆளைத் திருப்பி அனுப்பினார். அது எனக்கு விளங்கவே இல்லை.

மழை விட்டிருந்த ஒரு காலையில் அவர் அந்த வாகையின் மேல் கவட்டையில் இருந்தார். நானும் மரத்தடிக்கு வந்திருந்தேன். வேலை ஊர்கிறது என்ற எரிச்சலில் கங்காணி கீழிருந்து குரல் கொடுத்தார்.

"என்னா கபிரியேலு, அரணைகூட சம்பந்தம் பேசுறியா? வெட்டுய்யா."

காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பொந்திலிருந்து முதலில் தலை வந்தது. பிறகு ஒவ்வொரு மஞ்சள் பட்டையாக உடம்பு வந்தது. கபிரியேலின் கை பற்றியிருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே நின்று நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. கையை எடுத்தால் அவர் விழுவார். எடுக்காவிட்டால் அது கடிக்கும்.

கபிரியேல் பேசத் தொடங்கினார். எங்களோடு அல்ல, அதனோடு. கோபக்கார மாமனாரிடம் பேசுகிற தணிந்த குரல். குண்டசாலைப் பக்கம் நேற்று மழை பிடித்ததையும், தெல்தெனியச் சந்தையில் வாங்கிய கருவாடு புழுத்துக் கிடந்ததையும், கோயில் கூரை ஒழுகுவதையும் அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டே போனார்.

"சரி, ஒங்களுக்கு வேற சோலி இருக்கும்" என்றார் கடைசியாக.

அது தலையைச் சாய்த்தது. அவர் விரல்களின் மேலாகவே ஊர்ந்து மரத்தின் மறுபக்கம் போய்விட்டது.

அவர் இறங்கி வந்தார். கங்காணி வேறெங்கோ பார்த்தபடி, கூலி குறையாது, லயத்துக்குப் போ என்றார். கபிரியேல் போகவில்லை. கொஞ்ச நேரம் வேரில் உட்கார்ந்திருந்துவிட்டு, அதே மரத்தில் ஏறி மிச்சக் கிளைகளையும் கழித்தார்.

பல வாரங்கள் கழித்து அவர் மனைவி றீற்றா ஸ்டோருக்கு அரிசி வாங்க வந்தாள். இவ்வளவு பயப்படுகிறவர் ஏன் அந்த மரத்தை விடுவதில்லை என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"தோட்டத்துக்கு வந்த புதுசுல, அந்த மரத்துலதான், அது இவரக் கடிச்சிருச்சு ஐயா. கடிச்சத அது மறந்துபோச்சு. அதனாலதான் வெஷம் ஏறாம இன்னும் உசுரோட இருக்காரு. வேற ஆளு ஏறி எதையாச்சும் பேசி, அதுக்கு ஞாபகம் வந்துட்டா..."

பேச்சை நிறுத்திவிட்டு, வாகைப் பக்கம் இருந்த சன்னலையும் இழுத்துச் சாத்தினாள்.