எழுதாமல் விட்ட நாட்கள்

மரக்காணத்தில் நான் குடியிருந்த மாடி அறையில், நாள் முழுக்க என் குரலைக் கேட்டது ஒரு பழைய கம்ப்யூட்டர் மட்டும்தான். அதுவும் திட்டுதான் வாங்கிக்கொண்டிருந்தது. உப்பளங்களை ஆய்வு செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்குப் புள்ளியியல் வேலை. தலைமை ஆபீஸ் சென்னையில். "பக்கத்துலயே இருந்தாத்தான் தகவல் புரியும்" என்று சொல்லி என்னை இங்கே அனுப்பினார்கள். நாற்பத்து மூன்று வயதில் கல்யாணம் முறிந்து, வீட்டைக் காலி செய்துவிட்டு நின்றவளுக்கு எந்த ஊராக இருந்தால் என்ன என்று நானும் கிளம்பி வந்துவிட்டேன். வந்து ஒரு மாதத்தில், வாய்விட்டுப் பேசுவதற்காகவே கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்க ஆரம்பித்தேன்.

காலை பதினொரு மணிவாக்கில் ஒரு அக்கா வருவார். எங்கள் ஆய்வுக்கான பாத்திகளில் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, உப்புத் தண்ணீர் எத்தனை டிகிரிக்கு ஏறியிருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவது அவர் வேலை. சென்னைக்குப் போகவேண்டிய நோட்டை அளத்துக் கொட்டகையில் கொடுத்துவிட்டு, போகிற வழியில் எங்கள் வீட்டுக் குழாயில் கால் கழுவுவார். அளவெடுக்க வருவதற்கு முன்னால் பல வருஷம் பலகை பிடித்து உப்பு வாரியவர். பாதமெல்லாம் வெடித்துப் புண்ணாகிப் போனதால், நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நிற்கத் தேவையில்லாத இந்த வேலைக்கு வந்திருந்தார்.

"இது போச்சுன்னா திரும்பவும் பலகைதான் மேடம். இந்தக் கால வெச்சிக்கினு எங்க நிக்கிறது?" என்பார். அடுத்த பருவத்துக்கும் அவரை வைத்துக்கொள்வதா என்பதை, நான் வரைந்து அனுப்பும் வரைபடத்தைப் பார்த்துத்தான் ஆபீஸ் முடிவு செய்யும். இது இருவருக்குமே தெரியும். அதனால் தினமும் படியடியில் நின்று, "படம் வந்துச்சா மேடம்?" என்று கேட்பார். "இன்னும் வரலக்கா" என்று மேலிருந்தே சொல்வேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

படம் வராததற்குக் காரணம் அந்த கம்ப்யூட்டர். என் லேப்டாப் இரண்டாவது மாதமே உப்புக்காற்றில் துருப்பிடித்துச் செத்துப்போனது. ஆபீஸ் கொடுத்தனுப்பிய பெட்டியில் லினக்ஸ் இருந்தது, வரைபடம் போடும் மென்பொருள் இல்லை. அதை நிறுவச் சொன்னால், மூல நிரலை இறக்கி, அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு தொகுப்பாகக் கட்ட ஆரம்பிக்கும். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, எழுத்துரு நூலகம் என்ற துணைத் தொகுப்பு இல்லை என்று நின்றுவிடும். அதைக் கொண்டுவந்தால் பட நூலகம் எங்கே என்று கேட்கும். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன இடத்தில், "அவங்க வீட்டுக்கு வெச்சீங்களா?" என்று ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் கைகாட்டுவது மாதிரி. எல்லோரையும் சேர்த்து முடித்தால், நினைவகம் போதாமல் பாதியில் உயிரை விடும். சிக்னல் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால், போனை ஒரு துண்டில் சுற்றி அங்கே கட்டி வைத்திருந்தேன்.

உதவி கேட்டு ஓர் இணைய மன்றத்தில் எழுதினேன். ஏதோ ஒரு குளிர்தேசத்து மனிதர் பதில் போட்டார். எந்தப் பதிப்பு, என்ன பிழைச் செய்தி என்று அவர் கேட்க, நான் பக்கம் பக்கமாக எழுதினேன். மூன்று வாரம் அப்படியே போனது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு கட்டத்தில் மென்பொருளுக்காக அல்ல, அவர் எழுதும் "வணக்கம்" என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவ்வளவு தனிமை.

கடைசியில் ஒரு மத்தியானம் எல்லாம் கூடிவந்து திரையில் கோடு விழுந்தது. ஆனால் அங்கங்கே விட்டு விட்டு விழுந்தது. நிறுவியதில்தான் கோளாறு என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு மறுபடி நிறுவினேன். அதே இடைவெளிகள். பிறகு சென்னையில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்த கோப்பைத் திறந்து பார்த்தால், அந்த நாட்களே காலியாகக் கிடந்தன. அப்பாடா, நான் நிறுவியது சரிதான் என்று பெருமூச்சு விட்டேன். காலியிடத்தை இஷ்டத்துக்கு நிரப்பக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அதை மீறிய ஜூனியர்களை அழவே வைத்திருக்கிறேன். இடைவெளிகளோடு படத்தை அன்றைக்கே அனுப்பினேன்.

மறுநாள் அக்கா கேட்டபோது, "வந்துடுச்சுக்கா, அனுப்பிட்டேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

இரண்டு நாளில் மேலதிகாரி போன் செய்தார். "அந்தம்மா நெறைய நாள் வேலைக்கே வரல போலிருக்கே. படத்துல பளிச்சுன்னு தெரியுது. அடுத்த சீசனுக்கு மெஷின் வெச்சுடலாம்."

கீழே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஓடினேன். படியில் பாதி இறங்கும்போதுதான் உறைத்தது, இத்தனை மாதத்தில் அவரிடம் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி இது.

"தெனமும் டிகிரி பாத்தீங்களாக்கா?"

"பாக்காம? ஒரு நாள் தவறினது இல்ல."

"அப்போ நோட்டுல ஏன் பாதி நாள் எழுதல?"

"நேத்து மாதிரியே இருந்தா இன்னாத்த எழுதுறது?" என்று அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அளத்துல அப்டித்தான் மேடம். மேஸ்திரி வந்து கேட்டா, ஏறியிருந்தா சொல்லுவோம், எறங்கியிருந்தா சொல்லுவோம். மாறலன்னா சும்மா நிப்போம். அவரும் புரிஞ்சிக்கினு போயிடுவாரு."

காலியிடத்தில் முந்தைய நாள் அளவையே போடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒற்றை வரி போதும். இரண்டே நிமிடத்தில் கோடு முழுசாகிவிட்டது. காரணத்தை விளக்கி அனுப்பினேன். "இஷ்டத்துக்கு நிரப்பக் கூடாதுன்னு எங்களுக்கே பாடம் எடுத்தவங்க நீங்கதானே?" என்று சிரித்தார் மேலதிகாரி. கத்தினேன், கெஞ்சினேன். மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார்.

அடுத்த பருவத்தில் அந்த மெஷின் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு அனுப்பியது. அக்காவைத் தேடிக்கொண்டு போனேன். வடக்கே ஓர் அளத்தில், காலில் பாலித்தீன் கவரைக் கட்டிக்கொண்டு பலகை இழுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று, "என்னை மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"உங்க மேல கோவமெல்லாம் இல்ல மேடம்" என்றார். பலகையை நட்டுவைத்து, கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். தெனமும் வந்துக்கினு தானே இருந்தேன்."

அவர் குனிந்து அடுத்த வரிசையை வாரத் தொடங்கினார்.