விருது வாங்கின காதலும் மூணு ஊரும்

படம் ஓட்டுறது ஒரு வேலையே இல்லீங்க, ஆளை எழுந்து போகாம உக்கார வெக்கறதுதான் வேலை. 'நல்ல படம்'னு யாரோ சொன்னதை நம்பி, கொட்டாவியை அடக்கினு ரெண்டரை மணி நேரம் உக்காந்தவங்க நீங்களும் இருப்பீங்க, உங்ககிட்டதான் சொல்லி அழணும். ஒரு கலைச் சங்கம் என் கையில புரொஜெக்டரையும், நான் பொறக்கறதுக்கு முன்னாடி விருது வாங்கின கறுப்பு வெள்ளைக் காதல் படம் ஒண்ணையும் குடுத்து ஏரியோரம் அனுப்பிச்சது. மூணு ஊர்ல ஒரு ஊர்லயாவது முப்பது பேர் கடைசி வரைக்கும் உக்காரணும், இல்லேன்னா என்னை நிறுத்திடுவாங்க. வீட்டுக்காரர் போனப்புறம் எங்க வீட்டுக்கு வர்ற ஒரே சம்பளம் அதுதான்.

காத்து எந்தப் பக்கம்

முதல் ஊர் பழவேற்காட்டுக்குப் பக்கத்துல. பள்ளிக்கூடத்துல ஜன்னலை எல்லாம் சாத்தி மத்தியானமே போட்டேன். காதலன் படகுல உக்காந்து, கரையில நிக்கிற பொண்ணையே அஞ்சு நிமிஷம் பாக்கறான். விருது குடுத்தவங்க இந்த இடத்துல கண்ணைத் துடைச்சாங்களாம். மீன் பிடிக்கிற நம்ம ஆளுங்க படகுப் பாயைப் பாத்தாங்க. அந்தக் காத்துக்குப் பாய் அப்படிப் புடைக்குமானு ரெண்டு கட்சி ஆயி, சண்டை வாசலுக்குப் போச்சு, வேடிக்கை பாக்க மீதிப் பேரும் போனாங்க. கடைசியா எழுந்தவர் என்கிட்ட நின்னு சொன்னார்: "இந்தக் காத்துல பாயை எறக்காம பொண்ணைப் பாத்துனுகிறான், இவனுக்கு எவன்மா பொண்ணு குடுப்பான்?"

பாடு

ரெண்டாவது ஊர் சுண்ணாம்புக்குளம் பக்கம். ஏரியில எந்த நாள் யார் வலை போடணும்னு முறை உண்டு, பாடுனு சொல்வாங்க. அன்னைக்கு அந்த ஊர்ப் பாடு. கேக்காம தேதி வெச்சது என் புத்திகெட்டதனம். ஆம்பளை ஒருத்தர் இல்ல. விடியறதுலேர்ந்து தண்ணியில கிடந்து கையால தடவி இறால் பிடிச்சிட்டு வந்த பொம்பளைங்க இருபது பேர் வந்தாங்க, பத்தே நிமிஷத்துல தூங்கிட்டாங்க. எழுப்ப எனக்கு மனசு வரல. விளக்கைப் போட்டதும் ஒரு அம்மா சேலையை உதறிக்கினே சொன்னாங்க: "நல்ல படம் கண்ணு, ஒருத்தனும் கத்தல. நாளைக்கும் கொண்டாறியா?"

பேசி முடிச்சது

கடைசி ஊர்ல பாடு இல்லாத நாளாக் கேட்டு வெச்சேன். புயலுக்கு ஒதுங்கற கட்டடத்துல எண்பது பேர். படத்துல பொண்ணோட அப்பா "கூடாது"ங்கறார். அதுக்கப்புறம் முக்கால் மணி நேரம் ரெண்டு பேரும் ஏங்கறாங்க. யாரும் அசையல. எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்தது.

முடிய இருபது நிமிஷம் இருக்கறப்போ ஊர்ப் பெரியவர் எழுந்து நிறுத்தச் சொன்னார். அந்த ஊர்ல பொண்ணு வீட்டுக்காரன் முறுக்கினா ஊரே போய்ப் பேசும். படத்துல ஒருத்தரும் போகலைங்கறதை அவங்களால தாங்க முடியல. பாதிப் பேர் பொண்ணு வீடு, பாதிப் பேர் பையன் வீடுனு எதிரெதிரா உக்காந்தாங்க. பொண்ணுக்கு அப்பாவா நின்னவர் ரொம்ப நேரம் கறாராப் பேசி, அப்புறம் இறங்கி வந்தார். வெத்தலை மாத்தி, துண்டை உதறித் தோள்ல போட்டுனு எல்லாரும் கிளம்பிட்டாங்க. "ஐயா, இன்னும் கொஞ்சம்தான், உக்காருங்க, என் வேலையே போயிடும்"னு கும்பிட்டேன். பெரியவர் அன்பாத்தான் சொன்னார்: "அழாதம்மா. அந்தப் பொண்ணை அவனுக்கே குடுக்கறதுனு பேசி முடிச்சாச்சு. இனிமே பாக்க இன்னா கீது?"

மீதிப் படத்தை நான் மட்டும் பாத்தேன், ரெண்டு பேரும் பிரிஞ்சிடறாங்க. சங்கத்துக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன், நாளையிலேர்ந்து வர வேணாம்னுட்டாங்க. திரையில இருந்தவங்களுக்காகப் பேசப் போக எண்பது பேர் இருந்தாங்க, எனக்காகப் போகத்தான் ஒரு ஆள் இல்ல.