டிரசர் காட்டிய இலங்கை

ஜப்பான்காரன் காலத்தில், சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்தே இல்லை. என் காலிலோ எலும்பு தெரியும் அளவுக்குப் புண். அங்கே டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்த்த டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். ஒட்டுப்போட்ட வெள்ளைக் கால்சட்டையிலும் மடிப்புக் கலையாது. அவரிடம் மிஞ்சியிருந்தவை உப்பும் வெந்நீரும் ஒரு கரண்டியும்தான். மயக்க மருந்துக்குப் பதிலாக இலங்கையைச் சுற்றிக் காட்டுவார்.

“தம்பி, காலை அசைக்காதை. இண்டைக்குத் திருகோணமலை. கன்னியாவிலை ஏழு கிணறு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு” என்றபடி வெந்நீரை ஊற்றுவார். கரண்டியால் அழுகிய சதையைச் சுரண்டும்போது மட்டும் சிகிரியா மலை. பாறையில் செதுக்கிய சிங்கக் கால்களுக்கு நடுவே அவர் படியேற, நான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் ஏறுவேன். தினமும் அங்கேயே நிறுத்திக் கட்டுப் போட்டுவிடுவார்.

“மேல என்னாதான் இருக்கு, ஐயா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஆருக்குத் தெரியும்? நான் பிறந்தது இஞ்சை, அலோர் ஸ்டாரிலை. என்னைப் பெத்த அப்பு அதுவரைக்கும்தான் சொன்னவர்.”

கதற வேண்டிய இடத்தில் அன்று சிரித்துவிட்டேன்.

புண் ஆறியது. சண்டை முடிந்ததும் அவர் எங்கோ மாற்றலாகிப் போனார்.

வயதான பிறகு அந்தத் தீவுக்குப் போனேன். சிங்கக் கால்களைத் தாண்டி, மூச்சு வாங்க உச்சிவரை ஏறினேன். இடிந்த செங்கல் சுவர்கள், ஒரு குளம், கீழே கண்ணுக்கெட்டியவரை காடு. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு நின்றேன். அவர் கைபட்ட தழும்பாவது பார்க்கட்டும்.