தோற்ற ஆட்டங்களைக் கேட்டவள்

பிலோமினா இறந்த செய்தி ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் ஒரு பிளாசாவின் கார் தரிப்பிடத்தில் என்னை வந்தடைந்தது. மரக்கறிப் பைகளைக் காருக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் ரொறன்ரோக் கிளைத் தலைவர் சபா அண்ணை அழைத்தார்.

“பிள்ளை, பிலோ மோசம் போட்டா. காலமை ஹார்ட் அற்றாக்காம். மகள் இப்பதான் எனக்கு எடுத்துச் சொன்னவ.”

பிலோவின் மகள் அவருக்கு முதலில் தொலைபேசி எடுத்திருக்கிறாள் என்பதே என் மனத்தில் முதலில் பட்டது. அவர் கழகக்காரர். நான் பிலோவோடு பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் வரலாறு படித்தவள். வீட்டுக்கு வந்து பைகளை இறக்கிவைத்த பிறகே துயரம் வந்தது. அவளை அறிந்த கழகத்தவர் உங்களுக்கு எழுதும்போது இதை மறைப்பதில் பயனில்லை. பிலோவை நினைத்தால் எனக்கு அன்பும் பொறாமையும் சேர்ந்தே வரும். பொறாமை சற்று முந்தி வரும்.

பல்கலைக்கழகத்தில் என் கட்டுரைகளுக்கு அவளுடையவற்றைவிடக் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். ஆனால் விரிவுரையாளர்கள் அவளுடைய பெயரைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். படிப்பு முடிந்ததும் நான் கனடாவுக்கு வந்து ஒரு காப்புறுதி அலுவலகத்தில் சேர்ந்தேன். அவள் திருமணமாகி ஸ்கொட்லாந்துக்குப் போனாள். அங்கே ஒரு கடலோரச் சிற்றூரில் அவளும் கணவரும் கடை நடத்தினார்கள்.

அந்த ஊரில் ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகம் இருந்தது. மீன்பிடிகாரரும் பண்ணை ஆட்களும் சேர்ந்து தொடங்கியது. மைதானம் கடல்பக்கமாகச் சரிந்திருக்கும். இரண்டாம் பாதியில் மேட்டை நோக்கி ஓடவேண்டி வந்தால் அன்றைக்குத் தோல்விதான் என்பாள். கழகத்துக்கு ஒரு வரலாறு எழுத வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, அதைத் தொடங்கியவர் தங்கள் பாட்டன்தான் என்று இரண்டு குடும்பங்கள் மல்லுக்கு நின்றன. ஒரு குடும்பம் எழுதினால் மற்றது வாசிக்காது. கடைசியில், யாருக்கும் உறவில்லாதவள், வரலாறும் படித்தவள் என்று கடைக்காரியிடம் வந்திருக்கிறார்கள்.

“உனக்கு எப்பிடியடி எல்லாத்தையும் சொல்லிச்சினம்?” என்று பின்னாளில் கேட்டேன்.

“கடைதான் பழக்கினது. வெண்ட கிழமையில, திங்கள் காலமை பேப்பரை வாங்கிக்கொண்டு போயிடுவினம். தோத்த கிழமையிலதான் நிண்டு கதைப்பினம். வெண்ட மட்சைக் கேட்டா எல்லாரும் ஒரே கதைதான். தோத்த மட்சைக் கேட்டுப்பார், ஒவ்வொருத்தனும் தான் எங்க நிண்டவன் எண்டு சொல்லுவான்.”

அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே ஒரு தோல்விதான். பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, அயலூருக்கு ஆடப்போனவர்களில் சிலர் வந்து சேரவில்லை. ஆள் காணாது என்று அயலூர்க்காரரே தங்கள் ஆட்களை இரவல் கொடுத்தார்கள். இரவல் போனவர்களில் ஒருவன் தன் சொந்த ஊருக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டான். அப்படியும் பிலோவின் ஊர்தான் தோற்றது. ஆனாலும் அந்த ஒரு கோலுக்காக அவனுடைய தமையன் சாகும்வரை அவனோடு பேசவில்லை.

“அடிக்காமல் விட்டிருக்கலாம்தானே?” என்றேன்.

“பந்து காலுக்கு வந்தா என்னடி செய்யிறது?” என்றாள்.

அவள் இங்கே வந்து, ரொறன்ரோவுக்கு அருகே பிக்கரிங்கில் குடியேறிய பிறகு அந்தப் புத்தகத்தை எனக்குத் தந்தாள். ரயிலில் வேலைக்குப் போகையில் பிழை தேடித் தேடி வாசித்தேன். ஒரு எழுத்துப்பிழை அகப்பட்டது. அன்றைக்கே அழைத்துச் சொன்னேன். “அதைக் கண்டுபிடிச்ச ஒரே ஆள் நீதான்,” என்று சிரித்தாள். அவள் “எங்கட ஊர்” என்று சொல்லும்போது தான் பிறந்த மன்னாரைச் சொல்கிறாள் என்றே எல்லோரும் நினைப்பார்கள். பாதி நேரம் அவள் சொன்னது அந்தச் சரிந்த மைதானத்தைத்தான். ஒருத்திக்கு இரண்டு ஊர் எதற்கு என்று நான் நினைத்ததுண்டு.

எங்கள் கழகத்தின் ஆண்டு மலரைப் பல வருடங்களாக நான்தான் தொகுத்து வந்தேன். வாழ்த்துச் செய்திகள், வென்ற கிண்ணங்களின் படங்கள், செயற்குழுவின் பெயர்கள். கழகத்தின் வரலாற்றை எழுதுவோம் என்று முடிவானபோது, அதுவும் என்னிடம் வரும் என்று எதிர்பார்த்தேன். சபா அண்ணை வீட்டுக்கு வந்தார்.

“கோவியாதேயும் பிள்ளை. பிலோ புத்தகமே எழுதினவா. வெள்ளைக்காரன்ர கழகத்துக்கு எழுதினவா எங்கட கழகத்துக்கு எழுதமாட்டாவோ?”

“அவ எங்கட ஊர் இல்லையே, அண்ணை.”

“அதுதான் நல்லம். எங்கட ஊர் ஆக்கள் எழுதினா எங்கட ஊர் ஆக்களே நம்பாயினம்.”

பிலோ ஒத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக வந்தாள். ஒரு ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். என் கணவர் குணம் ஊரில் கோல் காத்தவர். அவரை நீங்கள் ‘நித்திரைக் கீப்பர்’ என்றே அறிவீர்கள். ஊரில் அவர் ஆடிய கடைசி இறுதியாட்டத்தில், சும்மா உருண்டு வந்த பந்தைப் பார்க்காமல் நின்றார், கிண்ணம் போயிற்று. கோடைச் சுற்றுப்போட்டிகளில் நீங்கள் அதைச் சொல்லிச் சிரிக்காத வருடமில்லை. அவரும் கூடச் சிரிப்பார்.

“குணம் அண்ணை, வெண்டதுகள் எனக்கு வேண்டாம். அந்தக் கோலைச் சொல்லுங்கோ,” என்றாள் பிலோ.

“அதுதான் எல்லாருக்கும் தெரியுமே. நித்திரை கொண்டிட்டன்.”

“சரி. நித்திரை கொண்டவர் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டவர்?”

நான் தேநீர்த் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றேன்.

“றோட்டுப் பக்கம்,” என்றார் குணம்.

மைதானத்தின் ஓரத்து வீதியால் அவருடைய தமையன் ஒரு பையோடு நடந்து போனாராம். எங்கே போகிறார் என்று பார்த்தவுடனே இவருக்கு விளங்கிவிட்டதாம். அன்றைக்கு இயக்கத்துக்குப் போனவர் பிறகு வரவில்லை. அந்தத் தமையனின் படம் எங்கள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதற்கு விளக்கேற்றுகிறவள் நான். அவருடைய பிறந்தநாள் எனக்குத் தெரியும். விருப்பமான சாப்பாடு தெரியும். போன நாளைப்பற்றி ஒரு சொல்லும் தெரியாது. கேட்டால் நோகும் என்றே நான் கேட்டதில்லை. பிலோ கேட்டாள், அவர் சொன்னார். என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் தட்டோடு அடுப்படிக்குள் திரும்பிவிட்டேன். ஆனால் அங்கிருந்தும் எல்லாம் கேட்டது.

புறப்படும்போது பிலோ காரடியில் நின்று, “இதை நான் எழுதமாட்டன். நீதான் எழுதவேணும்,” என்றாள்.

“உனக்குத்தானே சொன்னவர். நீயே எழுது.”

“கோவமோடி?”

“இல்லை.”

“பொய் சொல்லாதை. உன்ர மூக்குச் சொல்லுது.”

அந்த ஓர் ஆட்டத்தைத் தவிர மற்றதெல்லாவற்றையும் அவள் எழுதி முடித்தாள். “அதை வாசுகி தருவா,” என்று சபா அண்ணையிடம் சொல்லியிருக்கிறாள். நான் கொடுக்கவில்லை. கழக வரலாறு வெளிவருவது தள்ளிப்போயிற்று. அதற்குள் அவள் போய்விட்டாள்.

இறுதிச்சடங்கு மண்டபத்தில் கழகத்துக்காரர் பின்வரிசையில் சேர்ந்து நின்றார்கள். அழுகையை அடக்க வேண்டுமே என்று ஒருவர் குணத்தின் தோளில் தட்டி, “என்ன கீப்பர், முழிப்போ?” என்றார். குணம் வழக்கம்போலச் சிரித்தார். ஆனால் திரும்பி முன்னால் கிடந்த பிலோவைப் பார்த்தார். அந்தக் கோலின் உண்மை அறிந்தவர்கள் அந்த மண்டபத்தில் மூன்று பேர். ஒருத்தி இனிப் பேசமாட்டாள்.

வீடு திரும்பும்போது காரை ஓட்டியபடியே, “அதை எழுதுமன். எல்லாரும் வாசிக்கட்டும். இனி ஆர் எழுதுறது?” என்றார்.

“நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே.”

ஒரு சிவப்பு விளக்கில் நின்றோம். அது பச்சையான பிறகு சொன்னார்: “அண்ணை றோட்டால போனவர். பாத்தன். பந்து உள்ளுக்குப் போட்டுது.”

அவ்வளவுதான்.

பிலோவிடம் சொன்னபோது அதற்குமேலும் இருந்தது. தமையன் வேலியடியில் ஒரு நொடி நின்று கையை உயர்த்தினாராம். இவரும் உயர்த்தினாராம். பந்து வருவது தெரிந்தது, ஆனால் தான் கையை இறக்கினால் தமையனும் இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்று நின்றதாகச் சொன்னார். எனக்குச் சொன்னதில் அந்தக் கை இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். கேட்டு வாங்கிய பிறகு அது அவளுக்குச் சொன்னதுபோல இருக்காது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்த ஆட்டத்தை எழுதி சபா அண்ணையிடம் கொடுத்துவிட்டேன், அந்தக் கையையும் சேர்த்து. அடியில் பிலோமினாவின் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன். அவளிடமிருந்து என்னிடம் இருப்பது என் கணவரின் அந்த உயர்த்திய கை மட்டும்தான். அதை அவள் அவர் முன்னால் இருந்து கேட்டாள். நான் அடுப்படியில் நின்று கேட்டேன்.